தாடை, முகத் தசைகளின் மேற்பரப்பு மின்பதிவு: ஒப்பீட்டு அளவுகோலின் வளர்ச்சி

தசை சுருங்கும்போது அதன் இழைகளில் எழும் மின்னழுத்த மாற்றத்தைத் தோலின்மீது ஒட்டிய மின்முனைகளால் பதிவு செய்யும் முறை மேற்பரப்பு மின்தசைவரைவு எனப்படும். ஊசி செலுத்தாமலேயே மெல்லுதல், கடித்தல், முகபாவம் ஆகியவற்றின்போது தசைகள் இயங்கும் ஒழுங்கை இது வெளிப்படுத்துகிறது. இதன் வரலாற்றை நோக்கும்போது, மின்னலையைப் பதிவதைக் காட்டிலும், பதிந்த அலையை எதனோடு ஒப்பிடுவது என்பதே கடினமான வினாவாக இருந்தது புலனாகிறது.

ஜெர்மானிய உடலியலாளர் எமில் டு போய்ஸ்-ரேமோன் 1849-இல் மனிதர் தம் விருப்பப்படி தசையைச் சுருக்கும்போது மின்னோட்டம் எழுவதைக் கண்டறிந்தார். தோலின் மின்தடை அதைப் பெரிதும் மறைப்பதை உணர்ந்து, கொப்புளம் உண்டாக்கித் தோலை அகற்றியும் அளந்தார். 1862-இல் பிரெஞ்சு மருத்துவர் டூஷேன் இதற்கு எதிர்த்திசையில் சென்று, முகத்தில் மின்சாரம் செலுத்தி, எந்தத் தசை எந்த பாவத்தைத் தோற்றுவிக்கிறது என்பதைப் புகைப்படங்களுடன் விளக்கினார். 1912-இல் ஹான்ஸ் பைப்பர் மனிதத் தசைகளின் மின்னியல் குறித்து வெளியிட்ட நூலும், 1920-களில் உடலியல் ஆய்வுக்கு வந்த எதிர்மின்கதிர் அலைகாட்டியும் பதிவுக் கலையை உறுதிப்படுத்தின.

பல் மருத்துவத்தில் இம்முறைக்கு வழிதிறந்தவர்களுள் அமெரிக்கப் பல்சீரமைப்பு வல்லுநர் ராபர்ட் மோயர்ஸ் முதன்மையானவர். மேல்முன்பற்கள் துருத்தி நிற்கும் பல்வரிசைக் கோளாறில் தாடைத் தசைகள் சுருங்கும் பாங்கை அவர் 1949-இல் ஆராய்ந்தார். டென்மார்க்கின் ஐகில் மோலர் 1966-இல் வெளியிட்ட விரிவான ஆய்வு, நெற்றிப்பொட்டில் விசிறிபோல் விரியும் டெம்போராலிஸ், கீழ்த்தாடைக் கோணத்தின்மேல் அமைந்த மாசெட்டர் முதலிய தசைகளின் செயற்பாட்டை முக அமைப்போடு தொடர்புபடுத்தியது.

ஆயினும் மைக்ரோவோல்ட் அளவில் கிடைக்கும் எண், தசையின் வலிமையை மட்டுமன்றித் தோலடிக் கொழுப்பு, மின்முனையின் இடம், அகவை, பாலினம் ஆகியவற்றையும் சார்ந்திருப்பதால், ஒருவரின் அளவை மற்றவரின் அளவோடு நேராக ஒப்பிட இயலவில்லை. இக்குறைபாட்டைச் சுட்டி, தாடை மூட்டுக் கோளாறுகளைக் கண்டறிய இக்கருவியை நம்புவதற்குப் போதிய சான்றில்லை என்று லண்டும் விட்மரும் 1989-இல் வாதிட்டனர். இத்தாலியின் மிலான் நகரில் ஃபெராரியோ, ஸ்ஃபோர்ஸா குழுவினர் இதற்கு ஒரு தீர்வை உருவாக்கினர்: கடைவாய்ப் பற்களிடையே பஞ்சுச் சுருளை வைத்துக் கடிக்கும்போது கிடைக்கும் அளவை நூறு விழுக்காடாகக் கொண்டு, பல்லோடு பல் பொருந்தக் கடிக்கும் அளவை அதன் விகிதமாகக் கணித்ததால், ஒருவரின் தசை அவருடைய அளவுகோலாலேயே அளக்கப்பட்டது, வலப்புற, இடப்புறத் தசைகளின் சமச்சீர்மையையும் ஓர் எண்ணாகக் கூற முடிந்தது.

முகபாவத் தசைகளோ மெல்லியவை, ஒன்றன்மீது ஒன்று படிந்தவை. ஆகவே அண்டைத் தசையின் மின்னலை கலந்துவிடும் இடர் மிகுதி. இதனைக் கருதி ஃபிரிட்லண்டும் கசியோப்போவும் 1986-இல் வெளியிட்ட நெறிமுறைகள் மின்முனைகளுக்குரிய இடங்களை வரையறுத்தன.

இன்று உறக்கத்தில் பல் நறநறப்பதை ஆராயவும், முகவாதத்துக்குப் பிந்தைய பயிற்சியைக் கண்காணிக்கவும் இம்முறை பயன்படுகிறது. தனித்த ஓர் எண்ணைக் கொண்டு நோயை முடிவு செய்வதைவிட, நேரடிப் பரிசோதனையோடு இணைத்து, ஒரே நோயாளியின் நிலையைச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் ஒரே நெறியில் ஒப்பிடும்போதுதான் இப்பதிவு நம்பகமான மருத்துவச் சான்றாகிறது.