பேறுகாலத்துப் பக்கவாதம்: நாஞ்சில் நாட்டிலிருந்து ஒரு நோய் வரலாறு

பக்கவாதம் முதுமையின் நோய் என்ற எண்ணம் தென்னிந்திய மருத்துவ ஆய்வுகளில் அரை நூற்றாண்டுக்கு முன்பே ஆட்டம் கண்டுவிட்டது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ஆபிரகாம், ஷெட்டி, ஜோஸ் ஆகியோர் இளவயதினரின் பக்கவாதம் குறித்து 1971இல் 'ஸ்ட்ரோக்' இதழில் எழுதினார்கள். 1983இல் மதுரையைச் சேர்ந்த கே. சீனிவாசன், கர்ப்ப காலத்திலும் பேறுகாலத்திலும் மூளையின் இரத்தக் குழாய்கள் அடைபட்ட 135 பெண்களைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார். மேற்கத்திய பாடநூல்கள் அபூர்வம் என்று ஓரிரு வரிகளில் முடித்துக்கொண்ட நோய், மதுரை அரசு மருத்துவமனைக் கூடத்தில் அடுத்தடுத்த கட்டில்களில் கிடந்தது. ஆனால் 2005இல் திருவனந்தபுரத்தில் நகரையும் சுற்றுக் கிராமங்களையும் சேர்த்து ஆறு மாதம் நடத்திய பக்கவாதப் பதிவேட்டில் சேர்ந்த 541 பேரில் 40 வயதோ அதற்குக் குறைவோ ஆனவர்கள் 3.8 விழுக்காடு மட்டுமே.

இந்த முரணுக்கு ஒரு காரணம் எளிது. மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தவர்களை எண்ணுவது ஒன்று. ஊரில் யார் யாருக்கு வந்தது என்று எண்ணுவது வேறு. பெரிய மருத்துவமனைக்கு இளையவர்களைத்தான் வண்டி பிடித்துக் கொண்டுவருவார்கள்; எழுபது வயதுக்காரர் வீட்டுத் திண்ணையிலேயே படுத்துவிடுவார். இன்னொரு காரணம் காலம். மதுரை ஆய்வுக்கும் திருவனந்தபுரம் பதிவேட்டுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் நோயே தன் ஆட்களை மாற்றிக்கொண்டது. இந்த மாற்றத்தைப் பார்க்க, நாஞ்சில் நாட்டை உள்ளடக்கிய கன்னியாகுமரி மாவட்டம் வசதியான இடம். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் (பின்னாளில் திருவிதாங்கூர்–கொச்சி), அதன்பின் இன்று தமிழ்நாடு எனப்படும் மாநிலம். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் ஏறக்குறைய 70 கிலோமீட்டர், மதுரை ஏறக்குறைய 240. ஆவணங்கள் சென்னைக்குப் போனாலும், தலைக்கும் நெஞ்சுக்கும் நோய் வந்தால் குமரிக்காரர்கள் இன்றும் மேற்கே பார்த்தே பயணப்படுகிறார்கள்.

நோயின் இயல்பைச் சொல்லாமல் வரலாற்றைச் சொல்ல முடியாது. பிரசவத்தில் நஞ்சுக்கொடி பிரியும்போது தாய் இரத்தம் இழந்து சாகாமலிருக்க, கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலேயே இரத்தம் உறையும் தன்மை கூடிவிடுகிறது. குழந்தை பிறந்ததும் அது இறங்கிவிடுவதில்லை, வாரக்கணக்கில் நீடிக்கிறது. அந்த வாரங்களில் மூளையின் சிரை வழிகளில் இரத்தம் உறைந்தால், பத்து வயலுக்குப் பொதுவான வடிகால் தூர்ந்தது போலாகிவிடும். தண்ணீர் வரத்து நிற்காது, போக்குத்தான் அடைபடும். அழுத்தம் ஏறி வரப்பு உடையும். தமனி அடைப்பில் ஒரு நொடியில் கை கால் விழும். இதில் அப்படியல்ல. முதலில் தலைவலி, ஓரிரு நாளில் வலிப்பு, பிறகு ஒரு பக்கம் பலவீனம், நினைவு மங்கல் என்று நாட்கணக்கில் வளரும். பார்ப்பவருக்குப் பக்கவாதம் என்றே தோன்றாது. வலிப்பு வந்தால் பிரசவ ஜன்னி என்பார்கள், தலைவலிக்குத் தூக்கமின்மை என்பார்கள். முதுகுத்தண்டில் ஊசி போட்டு அறுவை நடந்திருந்தால் அந்த ஊசியின் மேல் பழி விழும். மூன்றுமே சில வேளை உண்மையாகவும் இருந்துவிடுவதுதான் சிக்கல்.

மூளைச் சிரை உறைவை ஐரோப்பாவில் முதலில் பதிந்தவர் பிரான்சின் ரீப், 1818இல். பேறுகாலத்தில் அது வந்ததை 1828இல் எழுதியவர் ஸ்காட்லாந்தின் ஜான் ஆபர்கிராம்பி. சிக்கலில்லாமல் பெற்றெடுத்து, இரண்டு வாரம் போலக் கழிந்தபின் தலைவலியும் வலிப்பும் கண்டு இறந்த இளம்பெண் அவர் விவரித்த நோயாளி. 1941இல் பர்டன் மார்ட்டினும் ஹெரால்ட் ஷீஹனும் பேறுகாலச் சிரை உறைவை விரிவாக எழுதும்வரை இந்த அறிவு பெரும்பாலும் பிணக்கூறாய்வு மேசையிலிருந்தே வந்தது. இறந்த பின்தான் நோயின் பெயர் தெரியும்.

ஆபர்கிராம்பி எழுதிப் பத்தாண்டில், 1838இல், லண்டன் மிஷன் சங்கத்தின் ஆர்ச்சிபால்ட் ராம்சே குமரியின் நெய்யூரில் மருத்துவப் பணியைத் தொடங்கினார். 1860களில் ஜான் லோ உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவ வகுப்பு நடத்திக் கிளை மருந்தகங்களுக்கு அனுப்பினார். 1922 எவரெஸ்ட் பயணத்துக்குப் பின் நெய்யூரைத் தன் பணியிடமாக்கிக்கொண்ட ஹோவர்ட் சாமர்வெல் குடற்புண் அறுவையால் பெயர் பெற்றார். நாகர்கோவில் வடசேரியில் இரட்சணிய சேனையின் கேத்தரின் பூத் மருத்துவமனை எழுந்தது. அன்றைய அளவில் இந்தியாவிலேயே மருத்துவ வசதி மிக்க வட்டாரங்களில் இது ஒன்று. ஆனாலும் பேறுகாலப் பக்கவாதம் ஒரு தனி நோயாக அங்கே கண்ணுக்குப் புலப்பட வழியில்லை. பேறு வீட்டில் நடந்தது, மருத்துவச்சி கையில். பெற்றவள் தாய் வீட்டின் உள்ளறையில் நாற்பது நாள் இருந்தாள். இறந்தால் அறுத்துப் பார்க்கும் பேச்சுக்கே இடமில்லை. இந்த நோயோ அப்போது அறுத்துப் பார்த்தால் மட்டுமே தெரிவது.

திருவிதாங்கூர் அரசின் பக்கத்திலிருந்து இதை மாற்ற முனைந்தவர் மேரி புன்னன் லூக்கோஸ். 1916இல் திருவனந்தபுரத்தில் தைக்காடு மகளிர் மருத்துவமனைப் பொறுப்பேற்ற அவர், மருத்துவச்சிகளின் பிள்ளைகளுக்கு முறையான பேறுகாலப் பயிற்சி அளிக்க ஏற்பாடு செய்தார். 1938இல் சமஸ்தானத்தின் சர்ஜன் ஜெனரலானார். நாகர்கோவிலில் காசநோய் மருத்துவ இல்லம் அமைத்தவரும் அவர்தான். அவருடைய இந்த இரண்டு வேலைகளும் நம் பொருளோடு ஒன்றுசேர்வது தற்செயலன்று. காசநோய் மூளைச் சவ்வைத் தாக்கும்போது அடிமூளைத் தமனிகள் வீங்கி அடைபடும். இந்தியாவில் இளையோர் பக்கவாதத்துக்கு அது நெடுங்காலம் ஒரு முக்கியக் காரணம். இன்று 25 வயதுக்காரர் கை கால் விழுந்து வந்து சேரும் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி (2001) எழுந்த வட்டாரமும் முன்பு காசநோயாளிகளுக்காக அறியப்பட்டதே.

மதுரை ஆய்வின் அருமை காலத்தில் இருக்கிறது. சீனிவாசனும் நடராஜனும் 1974இலேயே இப்பொருளில் ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தார்கள். லண்டனில் முதல் சி.டி. ஸ்கேன் எடுத்தே மூன்றாண்டுதான் ஆகியிருந்தது. தமிழ்நாட்டு மாவட்டத் தலைநகரங்களுக்கு அது வந்துசேர இன்னும் பல காலம் இருந்தது. நோயாளியின் கதையைக் கேட்டு, கண்ணுக்குள் பார்த்து, தண்டுவட நீர் எடுத்து, வாய்ப்பிருந்தால் தமனியில் சாயம் செலுத்திப் படமெடுத்து என்று கட்டிலோரத்தில் சேர்த்த அறிவு அது. அந்தக் கால இந்திய ஆய்வுகள் பொதுவாகச் சுட்டிய காரணங்கள் இரத்தசோகை, நீரிழப்பு, பேறுகாலத் தொற்று, வீட்டுப் பேறு. பெற்றவளுக்குத் தண்ணீர் அதிகம் கொடுக்கக் கூடாது என்ற வழக்கமும் பட்டியலில் சேர்ந்தது. பச்சை உடம்பில் தண்ணீர் பட்டால் வயிறு பெருக்கும், சீதளம் பிடிக்கும் என்ற நம்பிக்கை தென் மாவட்டங்களில் வலுவாக இருந்தது உண்மை. ஆனால் பழியைக் கிழவிகள் மேல் போடுவது மருத்துவர்களுக்கு எளிதாக இருந்தது என்றே நினைக்கிறேன். ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி (2019–21) தமிழ்நாட்டில் 99.6 விழுக்காடு பேறுகள் மருத்துவமனையில் நடக்கின்றன. நோய் குறைந்தது, ஒழியவில்லை. அதே ஆய்வில் அறுவைப் பேறு 44.9 விழுக்காடு. அமெரிக்க மருத்துவமனைத் தரவுகளை அலசிய லான்ஸ்கா, கிரிசியோ ஆகியோர் 2000ஆம் ஆண்டிலேயே அறுவைப் பேற்றுக்கும் பேறுகால மூளைச் சிரை உறைவுக்கும் தொடர்பு கண்டிருந்தார்கள். பழைய காரணம் ஒன்று விலக, புதியது ஒன்று அந்த இடத்தில் வந்து அமர்ந்திருக்கிறது.

சிகிச்சையின் கதை இன்னும் சுவையானது. சிரை அடைபட்டு அழுத்தம் ஏறும்போது மூளைக்குள் இரத்தம் கசியும்; ஸ்கேனில் அது பளிச்சென்று தெரியும். இரத்தம் கசிந்த மூளைக்கு இரத்தம் உறையாமலிருக்கும் மருந்தை யார் கொடுப்பார்கள்? ஆனால் கசிவின் வேர் உறைவில் இருப்பதால், உறைவைத் தடுப்பதே மருந்து. ஸ்டான்ஸ்ஃபீல்டு 1942இலேயே பேறுகாலச் சிரை உறைவுக்கு அவ்வகை மருந்தான ஹெப்பாரின் கொடுத்ததைப் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். அதை ஏற்க உலகம் ஐம்பது ஆண்டு தயங்கியது. ஜெர்மனியில் ஐன்ஹாய்ப்ல் குழு 20 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து 1991இல் முடிவை வெளியிட்டது: ஹெப்பாரின் பெற்ற பத்துப் பேரில் எட்டுப் பேர் முழுதும் தேறினார்கள், யாரும் இறக்கவில்லை, பெறாத பத்துப் பேரில் மூவர் இறந்தார்கள், முழுதும் தேறியவர் ஒருவர். 20 பேரை வைத்து உலகம் தன் வழக்கத்தை மாற்றிக்கொண்டது மருத்துவ வரலாற்றில் அடிக்கடி நடப்பதல்ல. பெங்களூர் நிம்ஹான்ஸில் நாகராஜாவும் உடனிருந்தோரும் குறைந்த அளவு ஹெப்பாரின் பேறுகாலச் சிரை உறைவில் பயன்படுவதை 1999இல் பதிந்தார்கள். இந்திய நோயாளிக்கு இந்திய மருத்துவமனையில் கிடைத்த சான்று என்பதால் தென் மாவட்ட மருத்துவர்களின் கை நடுக்கத்தைக் குறைத்ததில் இதற்குப் பங்கு இருந்திருக்கலாம்.

விளைவு நல்லதாகவே இருக்கிறது. 624 நோயாளிகளைப் பல நாடுகளில் பின்தொடர்ந்த ஆய்வில் (2004) இறந்தோரும் பிறர் உதவியின்றி வாழ முடியாதோரும் சேர்த்து 13.4 விழுக்காடு; பெரும்பாலோர் தேறினர். தமனி அடைப்பில் மூளைத் திசு செத்துவிடுகிறது, சிரை அடைப்பிலோ பெரும்பகுதி வீங்கி நிற்கிறது. அழுத்தம் இறங்கினால் மீள்கிறது. சரியான நேரத்தில் கண்டுகொண்டால் இளம்பெண் ஒருத்தி நடந்து வீடு திரும்பும் பக்கவாதம் இது. தவறவிட்டால் வரும் இழப்பு அதனாலேயே கனமானது.

எல்லா இளையோர் பக்கவாதமும் இந்த நல்ல வகையைச் சேர்ந்ததல்ல. சிறுவயதில் தொண்டைத் தொற்றோடு தொடங்கும் வாதக் காய்ச்சல் இதய வால்வைச் சுருக்கும். அங்கே உறைந்த இரத்தம் மூளைக்குப் போகும். கர்ப்பத்தில் இதயத்தின் வேலை கூடும்போதுதான் பல பெண்களுக்குத் தமக்கு வால்வு நோய் இருப்பதே தெரியவரும். 1976இல் நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கிய திருவனந்தபுரத்து ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனம் குமரி மாவட்டத்துக்கு எட்டிய தூரத்தில் இருந்தது. எம்.எஸ். வலியத்தான் தலைமையில் அங்கே உருவான சித்ரா வால்வு 1990 டிசம்பரில் முதல் மனிதருக்குப் பொருத்தப்பட்டது. உயிர் தந்த அந்த வால்வோடு வேறொரு கணக்கும் வந்தது: வாழ்நாள் முழுக்க உறைவுத் தடுப்பு மாத்திரை. வால்வு பொருத்திய பெண் கருவுற்றால் அந்த மாத்திரையான வார்ஃபரின் முதல் மூன்று மாதக் கருவுக்குத் தீங்கு, நிறுத்தினால் வால்வில் உறைவு. இரத்தம் உறையும் நேரத்தைச் சோதிக்க மாதாமாதம் எல்லை கடந்து பேருந்தேறுவது பலருக்கு வாழ்க்கை முறையாகவே ஆகிவிட்டது.

இரத்த அழுத்தத்தின் கதையைச் சுருக்கமாகவே சொல்லலாம், அது ஓரளவு வென்ற போர் என்பதால். கர்ப்ப வலிப்புக்கு மெக்னீசியம் சல்பேட்டே மேலானது என்று 1995இல் பன்னாட்டுச் சோதனை உறுதிசெய்தது. அவசரப் பேறுகாலச் சிகிச்சைக்கான சீமாங் மையங்களும் 2008இல் தொடங்கிய 108 ஊர்தியும் அதை மாவட்டத்தின் மூலைகளுக்குக் கொண்டுசென்றன. ஆனால் அழுத்தத்தால் மூளைக்குள் இரத்தம் வெடிப்பது இன்னும் தாய்மார்களைக் கொல்கிறது.

நோய் ஆட்களை மாற்றிக்கொண்டது என்றேன். ஹைதராபாத் நிஜாம் நிறுவனம் 2012இல் வெளியிட்ட 428 சிரை உறைவு நோயாளிகளின் பதிவேட்டில் பாதிக்கு மேல் ஆண்கள். பேறுகாலப் பெண்கள் பத்தில் ஒரு பங்கே. மது, இரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் மிகுதி, இரத்தசோகை, கருத்தடை மாத்திரை ஆகியவை முன்வரிசைக்கு வந்திருந்தன. விழாவுக்காக மாதவிலக்கைத் தள்ளிப்போட ஹார்மோன் மாத்திரை எடுத்துக்கொள்வதையும் இந்திய மருத்துவர்கள் பல இடங்களில் கவனப்படுத்தியிருக்கிறார்கள். மாசியில் மண்டைக்காட்டுக்குப் பெண்கள் இருமுடி கட்டிவரும் மாவட்டத்தில் இந்தக் குறிப்பை மருந்துக்கடைக்காரர்களும் படிக்க வேண்டும். மாத்திரை கேட்டு வருபவர்களில் குழந்தை பெற்றுச் சில வாரமே ஆனவரும் இருக்கலாம், முன்பு காலில் உறைவு வந்தவரும் இருக்கலாம்.

இனி எண்ணிக்கையின் பிரச்சினை. பால்டிமோர்–வாஷிங்டன் பகுதியை ஆராய்ந்த கிட்னர் குழு 1996இல் கண்டது இது: கர்ப்ப காலத்தில் மூளை இரத்த அடைப்பின் ஆபத்து கூடவேயில்லை, பேற்றுக்குப் பிந்திய ஆறு வாரத்தில் அது 8.7 மடங்காகவும், மூளை இரத்தக் கசிவு 28.3 மடங்காகவும் எகிறியது. 2014இல் காமெல் குழு, உறைவு ஆபத்து 12 வாரம்வரை நீடிப்பதைக் காட்டியது. பேறுகால மரணம் என்று நாம் கணக்கெடுப்பதோ 42 நாள்வரை. 60ஆம் நாள் சிரை உறைவில் இறப்பவள் பன்னாட்டு நோய்ப் பட்டியலில் தாமதப் பேறுகால மரணம் என்ற தனிக் குறியீட்டுக்குப் போகிறாள். தமிழ்நாட்டின் 54 என்ற பேறுகால மரண விகிதத்தில் (2018–20, ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புக்கு) அவளுக்கு இடமில்லை. கேரளத்தின் 19இலும் இல்லை. சிரை உறைவைப் பக்கவாதம் என்ற வரையறைக்குள் அமெரிக்க வல்லுநர்கள் எழுத்தில் சேர்த்ததே 2013இல்தான். ஆக இந்த நோய் பேறுகாலக் கணக்கிலிருந்தும் பக்கவாதக் கணக்கிலிருந்தும் நழுவக்கூடிய இடத்தில் நெடுநாள் இருந்திருக்கிறது.

பிழைத்தவர்களின் கணக்கு அதனினும் மங்கல். வீட்டுக்கு வந்து பச்சிளங்குழந்தையைப் பார்க்கும் தேசியத் திட்டத்தின் வருகைகள் 3, 7, 14, 21, 28, 42ஆம் நாட்கள், எடைபோடப்படுவது குழந்தை. வலிப்பு மாத்திரை தொடரலாமா, அடுத்த குழந்தை பெறலாமா, எந்தக் கருத்தடை முறை ஏற்றது என்ற தாயின் கேள்விகளுக்கு அந்த அட்டவணையில் கட்டம் இல்லை. ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் தமிழ்நாட்டில் பிக்மி என்ற பதிவு எண் இருக்கிறது. பேற்றுக்குப் பின் 84 நாளுக்குள் தலை ஸ்கேன் எடுக்கும் பெண்ணிடம் அந்த எண்ணைக் கேட்டு எழுதிவைத்தால், ஆசாரிப்பள்ளத்தில் இரண்டாண்டில் சேரும் பட்டியலே மதுரையின் 135க்குப் பிறகு தென் தமிழகத்துக்கு ஒரு நல்ல ஆவணமாக இருக்கும். மேற்கே போகும் நோயாளிகளையும் சேர்க்க, திருவனந்தபுரத்து ஸ்கேன் மேசைகளிலும் அதே கேள்வியைக் கேட்க வேண்டும்.