லினக்ஸ் ஸ்டாண்டர்டு பேஸ்

லினக்ஸ் ஸ்டாண்டர்டு பேஸ்: ஒருமுறை தொகுத்த மென்பொருள் எல்லா லினக்ஸ் விநியோகங்களிலும் இயங்க வேண்டும் என்னும் நோக்கத்துடன் வகுக்கப்பட்ட பொதுப் பிரமாணம், சுருக்கமாக எல்.எஸ்.பி. எனப்படும். கெர்னல் ஒன்றேயாயினும், ரெட் ஹேட், சூசே, டெபியன் முதலிய விநியோகங்கள் நூலகங்களின் பதிப்பிலும், கோப்புகளின் இருப்பிடத்திலும், பொதிகளின் வடிவத்திலும் தம்முள் வேறுபட்டமையால், மூல நிரலை வெளியிடாது விற்பனை செய்யும் ஸ்தாபனங்கள் விநியோகம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே தொகுத்துச் சோதிக்கும் சிரமத்துக்கு உள்ளாயின.

இக்குறையை நிவர்த்திக்கும் பொருட்டு 1998இல் தொடங்கிய முயற்சியின் பயனாக, ஃப்ரீ ஸ்டாண்டர்ட்ஸ் குரூப் என்னும் அமைப்பு 2001இல் முதற்பதிப்பை வெளியிட்டது. 2006இல் இப்பிரமாணம் ஐ.எஸ்.ஓ./ஐ.இ.சி. 23360 என்னும் சர்வதேசத் தரமாயிற்று. 2007இல் அவ்வமைப்பு ஓ.எஸ்.டி.எல். என்னும் மற்றோர் அமைப்புடன் இணைந்து லினக்ஸ் ஃபவுண்டேஷன் ஆனபின், 5.0 பதிப்பு 2015இல் வெளிவந்தது.

இப்பிரமாணத்துக்கு இணங்கிய நிரல், தன்னை நினைவகத்தில் ஏற்றும் கருவியாக, விநியோகத்தின் வழக்கமான ஏற்றியைக் குறியாது, எல்.எஸ்.பி.க்கென்றே பெயரிட்ட ஏற்றியைக் குறிக்குமாதலால், அப்பெயர்க்கோப்பு இல்லாத கணினியில் அது தொடங்கவே மாட்டாது. பொதி வடிவமாக ஆர்.பி.எம். விதிக்கப்பட்டமையின், டெப் வடிவத்தைக் கையாளும் டெபியன், ஏலியன் என்னும் மாற்றுக் கருவியின் துணையை நாட வேண்டியதாயிற்று.

ஆயினும், வியாபார ஸ்தாபனங்கள் பொதுப் பிரமாணத்தை நம்புவதினும், குறிப்பிட்ட சில விநியோகங்களில் மட்டும் தம் மென்பொருள் இயங்கும் எனச் சான்றளிப்பதையே விரும்பின. 2015இல் டெபியன் எல்.எஸ்.பி.க்கான ஆதரவைப் பெரும்பாலும் கைவிட்டது. தேவையான நூலகங்களை மென்பொருளோடு சேர்த்தே வழங்கும் கன்டெய்னர், ஃப்ளாட்பேக், ஸ்னாப் முதலிய முறைகள் இன்று விநியோகங்களின் வேறுபாட்டால் எழும் பிரச்சினையை வேறு வழியில் தீர்க்க முற்படுகின்றன.