நைனிடால் மலையும் விண்வெளிக் குப்பையும்

வடமாநிலங்களில் வாழும் தமிழன்பர்களுள் நைனிடால் ஏரியைக் கண்டு மகிழ்ந்தவர் பலர் இருப்பர். அம்மலையூருக்கு விண்வெளி வரலாற்றிலும் ஓர் இடம் உண்டென்பதை அறிந்தவர் சிலரே.

1957-58-இல் கொண்டாடப்பெற்ற சர்வதேசப் பூகோள பௌதிக ஆண்டில் செயற்கைத் துணைக்கோள்கள் ஏவப்படும் என்பது முன்னரே தெரிந்திருந்தது. அவற்றின் பாதையைக் கணிக்க வேண்டி, அமெரிக்காவின் ஸ்மித்ஸோனியன் வானாய்வகம் உலகில் 12 இடங்களில் பேக்கர்-நன் காமிராக்களை நிறுவியது. அவற்றுள் ஒன்று, அந்நாளில் உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்திருந்த நைனிடாலில் அமைந்தது. அங்கிருந்த வானாய்வு நிலையத்திற்கு அப்போது தலைமை தாங்கியவர், பின்னர் கொடைக்கானல் நிலையத்தை நடத்திய வைனு பாப்பு ஆவார். 1958 முதல் 1976 வரை அக்காமிரா பணியாற்றியது.

துணைக்கோளுக்குச் சொந்த ஒளி இல்லை. தரையில் இருள் சூழ்ந்த பின்னும் உயரே கதிரவன் ஒளி அதன்மேல் படும். அவ்வொளியே காமிராவுக்கு ஆதாரம். கோளின் வேகத்திற்கேற்பக் காமிராவைத் திருப்பினால் கோள் புள்ளியாகவும் விண்மீன்கள் கோடுகளாகவும் படத்தில் விழும். விண்மீன்களின் இடம் தெரிந்ததே; அவற்றைக் கொண்டு கோளின் இடத்தை அளந்தனர்.

இக்காமிராக்கள் தேடிய கோள்களுள் ஒன்று வான்கார்டு-1. 1958 மார்ச் 17-இல் ஏவப்பட்ட அதன் எடை சுமார் ஒன்றரைக் கிலோகிராம். பூமி சற்றே பேரிக்காய் வடிவினது என்னும் உண்மை, அதன் பாதையில் கண்ட நுண்ணிய மாறுதல்களால் வெளிப்பட்டது. 1964-இல் அதன் வானொலி ஓய்ந்தது. ஆயினும் அது விழவில்லை. மனிதன் அனுப்பியவற்றுள் இன்றும் சுற்றிவருவனவற்றில் அதுவே மூத்தது. அறிவுத் தூதாகச் சென்றது குப்பையாக எஞ்சிவிட்டது.

இன்று சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில், கப்பலுக்கும் விமானத்திற்கும் வழிகாட்டும் துணைக்கோள்கள் சுழல்கின்றன. தாழ்ந்த பாதையில் திரியும் துண்டுகளைக் காற்றின் உராய்வு நாளடைவில் கீழே இழுத்துவிடும். அவ்வுயரத்திலோ அவ்வுதவி இல்லை. ராடாராலும் அங்கே சிறு துண்டுகளைக் காண்பது அரிது. தொலைவு இரு மடங்கானால் ராடாரின் எதிரொலி பதினாறில் ஒரு பங்காகக் குறையும். துண்டிலிருந்து வரும் கதிரவன் ஒளியோ நான்கில் ஒரு பங்காகவே குறையும். ஆதலின் அங்கே தேடும் பணி தொலைநோக்கியையே சார்ந்துள்ளது. படச்சுருள் போய் மின்னணுக் கருவி வந்துவிட்டது. புள்ளியையும் கோட்டையும் பிரித்தறியும் முறை மட்டும் மாறவில்லை.

வீதியில் எறிந்ததை மறுநாள் பெருக்கி அள்ளலாம். அவ்வுயரத்தில் விட்டதை அள்ள இன்னும் துடைப்பம் பிறக்கவில்லை. அதுவரை, கண்காணிப்பதும் மேலும் எறியாதிருப்பதுமே நம் கடமை.