கலம் தேடிய அமிலம்

கந்தக அமிலத்தைச் செய்யக் கற்றது பழங்கதை. அன்னபேதியைச் சூடேற்றி வடித்தால் எண்ணெய்போல் கனத்த திராவகம் இறங்கும் என்பதை இரசவாதிகள் அறிந்திருந்தனர். அதை எதில் செய்வது, எதில் வைப்பது என்பதே நெடுங்காலத் தொல்லை. இவ்வமிலத்தின் வரலாற்றை அதற்கேற்ற கலம் தேடிய வரலாறாகவே படிக்கலாம்.

1736இல் இலண்டனை அடுத்த ட்விக்கன்ஹாமில் ஜோஷுவா வார்டு பெரிய கண்ணாடிக் குடுவைகளில் கந்தகத்தையும் வெடியுப்பையும் எரித்து அமிலம் எடுத்தார். கண்ணாடியை அமிலம் அரிக்கவில்லை. ஆனால் கண்ணாடி உடையும் பொருளாயிற்றே! 1746இல் பர்மிங்காமில் ஜான் ரோபக் என்னும் மருத்துவர் ஈயத் தகடுகளால் அறை கட்டினார். அமிலம் பட்டதும் ஈயத்தின்மேல் ஈய சல்பேட்டு தோலாகப் படியும்; அத்தோலே உள்ளிருக்கும் ஈயத்தைக் காக்கும். அமிலம் மலிந்தது. லினன் துணியை வெளுக்கப் புளித்த மோரில் நாட்கணக்கில் ஊறவைத்தவர்கள் நீர்த்த அமிலத்துக்கு மாறினர்.

ஈய அறையின் அமிலத்தில் செறிவு குறைவு. 1831இல் பிரிஸ்டல் நகர வினிகர் வணிகர் பெரிகிரின் பிலிப்ஸ், கந்தக டை ஆக்சைடையும் காற்றையும் சூடான பிளாட்டினத்தின் மேல் செலுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். பிளாட்டினம் இருந்த இடத்தில் இன்று வனேடியம் பென்டாக்சைடு இருக்கிறது. அங்கு விளையும் கந்தக டிரை ஆக்சைடை நேரே நீரில் விட்டால் மூடுபனியாகிப் பறந்துவிடும். 98 விழுக்காட்டு அமிலத்தில் விட்டால்தான் அடங்கும். அந்தச் செறிந்த அமிலம் சாதாரண எஃகு டேங்கர்களில் பயணம் செய்கிறது. ஈயத்தில் கண்ட அதே சல்பேட்டுத் தோல்தான் இங்கும் காவல். நீர் புகுந்து அமிலம் நீர்த்துப்போனாலோ, அதே எஃகை அரித்துவிடும்.

உலகம் ஆண்டுக்கு 25 கோடி டன்னுக்கு மேல் இதை ஆக்குகிறது. மின்கலம், சாயம், பெட்ரோலியச் சுத்திகரிப்பு எனப் பல துறைகளுக்கு அது போனாலும் பாதிக்கு மேல் உரத்துக்கே செல்கிறது. பாறைப் பாஸ்பேட்டு நீரில் கரையாது. அமிலம் பட்டால் பயிர் உண்ணும் பதத்துக்கு வரும். 1842இல் ஜான் பென்னட் லாஸ் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற இந்தச் சூப்பர் பாஸ்பேட் உரத்தை, இந்தியாவில் முதன்முதலாக 1906இல் ஆக்கிய ஊர் நம் இராணிப்பேட்டை.

அந்த உர மூட்டைக்குள் அமிலத்தின் பெரும்பகுதி சுண்ணத்தோடு கூடி ஜிப்சமாக அடங்கிக் கிடக்கிறது. ஆற்காட்டுப் பக்கத்து மானாவாரிக் கொல்லைகளில் மல்லாட்டைக்கு, அதாவது நிலக்கடலைக்கு, அந்தச் சுண்ணமும் வேண்டும், கந்தகமும் வேண்டும்: சுண்ணத்தால் பருப்பு திரளும், கந்தகத்தால் எண்ணெய் கூடும். கண்ணாடி, ஈயம், எஃகு என்று கலம் மாறிவந்த திராவகம் கடைசியில் அடங்குவது மண்ணில்.