தாயமும் மூன்று தடிப் புத்தகங்களும்

பொம்மசந்திரா வந்தபின் ஞாயிறு ஒன்றுதான் கடன் ஃபைல் தொடாத நாள். போன வாரம் ஒன்பதாவது படிக்கும் மகன், "டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடலாம் வாப்பா" என்று மூன்று தடிப் புத்தகங்களை மடியில் வைத்தான். வங்கிச் சுற்றறிக்கையே தேவலாம்! ஆனால் இன்னும் இரண்டு வருடம் கழித்து இப்படிக் கூப்பிடுவானா? அந்தப் பயத்தில்தான் இதன் கதையைத் தேடிப் படித்தேன்.

1974-ல் மூன்று சிறு புத்தகங்களாக வந்த ஆட்டம். தெரிந்தவர் யாராவது சொல்லித்தராமல் விளங்காது. எரிக் ஹோம்ஸ் என்ற நரம்பியல் பேராசிரியர் அதை எளிமையாக்க, 1977-ல் 'பேசிக்' பெட்டி வந்தது. அதில் மூன்றாம் நிலை வரைதான். மேலே போக 'அட்வான்ஸ்டு' என்றார்கள். அதுவோ தனி ஆட்டமாகவே வளர்ந்தது. பழைய பாடத்தைப் பாதி மறக்க வேண்டும்.

1981-ல் டாம் மோல்ட்வே எழுதிய 64 பக்க 'பேசிக்', அதன் மேல் டேவிட் குக்கின் 'எக்ஸ்பர்ட்', 4 முதல் 14-ம் நிலை வரை. முதலில் படித்தது எதுவும் வீணில்லை. என் ஓட்டு இதற்கே.

எங்கள் ஆச்சியும் அப்படித்தான். தாயம் விழுந்தால் காய் இறக்கு, அவ்வளவே முதல் லீவில். எதிராளியை வெட்டாமல் பழம் எடுக்க முடியாது என்பது அடுத்த லீவில்தான் (அழுதேன்!).

2014-ல் அடிப்படை விதிகளை இணையத்தில் இலவசமாகவே விட்டிருக்கிறார்கள். அதை அச்செடுத்து வைத்திருக்கிறேன். இந்த ஞாயிறு அம்மாவும் உட்காருகிறார்கள், குள்ள வீரனாக.