வாடகை பேசும்... கல் பேசாது!

மதுரை மாசி வீதிப் பக்கம் பழைய கடைக் கட்டடம் ஒன்று விலைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். புரோக்கர் என்ன சொல்வார்? ‘‘மாசம் அம்பதாயிரம் வாடகை வருதுண்ணே. கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்!’’

மூடாதீர்கள். அப்படியே நடந்து மீனாட்சியம்மன் கோயில் கிழக்கு ராஜகோபுரத்துக்கு வாருங்கள். கோபுரத்தைத் தாண்டினால் வீரவசந்தராயர் மண்டபம். முத்துவீரப்ப நாயக்கர் காலத்தில், 17-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. பிற்காலத்தில் அங்கே கடைகள் வந்தன. வளையல், பொம்மை, பூஜை சாமான் என்று வியாபாரம் ஜோராக நடந்தது. வாடகையும் வந்தது.

2018 பிப்ரவரி 2, வெள்ளிக்கிழமை இரவு. கடைகளில் தீ! முப்பதுக்கும் மேற்பட்ட கடைகள் சாம்பல். கல் எரியாதே என்பீர்கள். எரியாதுதான்... ஆனால், வெடிக்கும். கருங்கல்லில் இருக்கும் குவார்ட்ஸ் 573 டிகிரி செல்சியஸைத் தொட்டால் சட்டென்று விரியும். கல்லுக்குள்ளேயே விரிசல் ஓடும். தூண்கள் பிளந்தன, கூரை இடிந்து விழுந்தது.

இப்போது எஸ்டிமேட் போடுங்கள் பார்க்கலாம். சிமென்ட் எத்தனை மூட்டை, கம்பி எத்தனை டன் என்ற கணக்கெல்லாம் இங்கே செல்லாது. அதே அளவு தூணுக்கு ஒரே கல்லாக வேண்டும். அப்படிப்பட்ட கல்லை நாமக்கல் மாவட்டத்தில் தேடிப் பிடித்து, வெட்டி, மதுரைக்கு ஏற்றி வந்து, ஸ்தபதிகள் செதுக்க வேண்டும். சீரமைப்புக்கு அரசு ஒதுக்கியது சுமார் 18 கோடி ரூபாய். அதைவிடப் பெரிய செலவு, காலம். தீ ஒரு ராத்திரியில் முடித்ததைச் சரிசெய்ய ஆண்டுக்கணக்கில் ஆனது. கோயிலுக்குள் இருந்த கடைகளும் காலியாயின. வாடகை? அதுவும் போச்சு.

பி.காம். படித்தபோது தேய்மானம் என்று ஒரு பாடம் நடத்தினார்கள். பரீட்சைக்கு மனப்பாடம் செய்ததோடு சரி. அதன் அர்த்தம் எனக்குப் புரிந்தது இந்த மண்டபத்தின் முன்னால்தான்.

மாசி வீதிக் கட்டடத்துக்கு இப்போது திரும்புவோம். அது மெட்ராஸ் டெரஸ் என்றால், மேலே தேக்கு உத்தரம், செங்கல், சுண்ணாம்பு. உத்தரத்தைக் கரையான் அரித்திருக்கிறதா, மழைநீர் எந்தப் பக்கம் இறங்குகிறது, ஒயரிங் எந்தக் காலத்தது என்று பாருங்கள். சுண்ணாம்புச் சுவரில் சிமென்ட்டைப் பூசி மறைத்திருந்தால் உஷார்... ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே உட்கார்ந்திருக்கும். கட்டடம் எந்தப் பொருளால் ஆனதோ, அந்தப் பொருளின் விலையில், அந்த வேலை தெரிந்த கொத்தனாரின் கூலியில் கணக்குப் போடுங்கள்.

ரிப்பேருக்காக எட்டு மாதம் ஷட்டர் மூடியிருந்தால் நாலு லட்சம் வாடகை போகும். அதையும் செலவில் எழுதுங்கள். மொத்தத்தையும் விலையில் கழித்துவிட்டு, அப்புறம் அட்வான்ஸ் கொடுங்கள்.

வாடகை ஒண்ணாம் தேதி கதவைத் தட்டும். ரிப்பேர் சொல்லிக்கொண்டு வராது!