பறையை எரித்தவரும் பாட்டால் நகைத்தவரும்

உலகின் வடகோடியில், பனி உறைந்த நிலங்களில் வாழும் பழங்குடி மக்களின் சமய நெறியை அறிஞர்கள் ஷாமனியம் என்று குறிப்பர். ஷாமன் என்பது சைபீரியாவின் எவெங்கி மக்களிடமிருந்து வந்த சொல். அதன் பொருளை அறிய நாம் அகராதியைத் தேடி அலைய வேண்டுவதில்லை. கையில் பறை; அதன் ஒலியில் தன்னை மறந்த நிலை; அந்நிலையில் ஆவிகளை அணுகி, நோயின் காரணத்தையும் வேட்டையின் பயனையும் கேட்டறிந்து சொல்லும் தொழில். பறை இருந்த கையில் உடுக்கையை வைத்துப் பாருங்கள். ஜெராம் முதலிய சிலாங்கூர்த் தோட்டங்களில் நம்மவர் நன்கறிந்த கோடாங்கி கண்முன் நிற்பார்.

ஐரோப்பாவின் வடபால் வாழ்வோர் சாமி என்னும் மக்கள். நாம் வணங்கும் சாமிக்கும் அப்பெயருக்கும் உறவில்லை. துருவக் கலைமானின் தோல் போர்த்த அவர்தம் பறையில் தெய்வம், விலங்கு, மனிதர் முதலிய உருவங்கள் தீட்டப்பட்டிருக்கும். ஸ்வீடன் நாட்டில் லார்ஸ் நில்சன் என்னும் சாமி முதியவர், கிணற்றில் வீழ்ந்து இறந்த பேரக்குழந்தையை உயிர்ப்பிக்க வேண்டி அப்பறையை முழக்கினார். குழந்தை மீளவில்லை. ஆயின் அக்குற்றத்துக்காக 1693-இல் அம்முதியவருக்கு மரண தண்டனை விதித்து, பறையோடும் மரத்தெய்வங்களோடும் எரித்தனர். நார்வே நாட்டு ஆண்டர்ஸ் பௌல்சனின் பறையை 1691-இல் பறித்தனர். அதன் உருவங்களை ஒவ்வொன்றாக நீதிமன்றத்தில் விளக்கிய அவர், மறு ஆண்டில் தீர்ப்பு வருமுன் காவலிலேயே கொலையுண்டார்.

இவை மதத்தின் பேரால் நிகழ்ந்த கொடுமைகள். அறிவின் பேராலும் கொடுமை நிகழ்ந்ததுண்டு. 1920, 1930-களில் ஸோவியத் அரசு ஷாமன்களின் வாக்குரிமையைப் பறித்தது; பறைகளைக் கைப்பற்றியது; பலரைச் சிறையிலிட்டது.

அங்ஙனமாயின் கோடாங்கியின் வாக்கை வினவாது ஏற்பதோ எனின், அன்று. காய்ச்சல் கண்ட குழந்தைக்கு வேண்டுவது மருத்துவமனை. உடுக்கை ஒலி அதற்கு ஈடாகாது. இதனை நாம் அயலாரிடம் கற்க வேண்டுவதுமில்லை. சங்கப் பாடல்களில் தலைவியின் மெலிவு கண்ட தாய், முருகன் அணங்கினான் என மயங்கி வேலனை அழைத்து வெறியாட்டு எடுக்கிறாள். நோய் காதலால் வந்தது என்பதைத் தோழி அறிவாள். நற்றிணையின் 34-ஆம் பாட்டில், உண்மை உணராது வெறிக்களம் வந்த முருகனையே அறியாதவன் என அவள் இடித்துரைக்கிறாள். அவள் வேலனை அடிக்கவில்லை, களத்தை எரிக்கவுமில்லை. தன் வீட்டு நம்பிக்கையைத் தானே நின்று வினவினாள். சீர்திருத்தம் என்பது இதுவே. வலியவன் எளியவனின் தெய்வத்தை எரிப்பது சீர்திருத்தமன்று, அடக்குமுறை.

இவ்வேற்றுமையை இந்நாட்டில் வாழும் நாம் உணர்தல் வேண்டும். ஜெராமுக்குத் தெற்கே, இதே சிலாங்கூர்க் கடலோரத்துக் கேரித் தீவில் மா மெரி என்னும் பூர்வகுடியினர் வாழ்கின்றனர். மோயாங் எனப்படும் மூதாதையர் ஆவிகளுக்கு ஆண்டுதோறும் விழா எடுத்து, மரத்தில் செதுக்கிய முகமூடி அணிந்து ஆடுவர். அம்மூதாதையர் உறைவதாக அவர்கள் நம்பும் காடும் கரையும் பெரும்பாலும் ரப்பர்த் தோட்டமாகிப் பின் எண்ணெய்ப்பனைத் தோட்டமாயின. நிலம் போனால் அதனோடு பிணைந்த நெறியும் தளரும். அதற்குத் தீ வேண்டியதில்லை. காடு தோட்டமானதில் ஊதியம் பெற்று உழைத்த கைகளுள் நம் முன்னோர் கைகளும் உண்டு. அவ்வாறிருக்க, நம்மவருள் சிலர் பூர்வகுடியினரைச் சக்காய் என்னும் இழிசொல்லால் சுட்டுவது எவ்வகை நாகரிகம்? நம் தெய்வங்களைப் பேயென்று இகழ்ந்தவர் சொல்லுக்கும் இதற்கும் வேறுபாடு யாது?

கோபன்ஹேகனில் நெடுங்காலம் இருந்த பௌல்சனின் பறை, 1979-இல் கராஷோக் நகரின் சாமி அருங்காட்சியகத்துக்கு இரவலாக வந்தது. 2022-இலேயே சாமி மக்களின் உடைமையாயிற்று. இனி அதனை முழக்குவதோ, காட்சிப்பொருளாகக் காப்பதோ, அதன் ஆற்றலை ஐயுறுவதோ அவர்களே முடிவு செய்ய வேண்டியவை. மா மெரி மக்களுக்கும் அவ்வுரிமை வேண்டும். நம் வீட்டு உடுக்கையை வினவும் கடமை நமக்கு உண்டு. பிறர் பறையைப் பறிக்கும் உரிமை நமக்கு இல்லை.